நாற்காலிக் கடல்

நாற்காலிக் கடலில் இதுவரை ஒருவரும் செத்ததில்லை. ஆளை நாற்காலியில் உட்கார வைத்துப் பொய்க் கடலில் இறக்கிப் பழக்கிய, தூத்துக்குடியில் இருந்த அந்த முக்குளிப்புப் பயிற்சிக்கூடத்தின் பெருமையும் அதுதான், விளம்பரமும் அதுதான். நிஜக் கடலில் மட்டும் ஒருவன் செத்திருந்தான். பெயர் நந்தகோபன், இருபத்தாறு வயது, கரூர்க்காரன். அவன் போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

கிளாடிஸ் மச்சாது அன்று காலை அவன் சாவதைப் பதினோராவது தடவையாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோடு இறங்கிய பயிற்சியாளன் ஜெரோமின் மாஸ்க்கில் பொருத்தியிருந்த கேமரா பிடித்த படம் அது. விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டது. 'பதற்றத்தில் காற்றுக்குழாயின் மவுத்பீஸைத் துப்பிவிட்டார். பயிற்சியாளர் நாற்பது நொடி வேறு பக்கம் திரும்பியிருந்தார்.' ஜெரோமை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'அவசரநிலைப் பயிற்சி போதுமானது' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டவள் கிளாடிஸ். நாற்காலியை உருவாக்கியவளே அவள்தான் என்றால் வேறு யார் போடுவார்கள்?

போட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு சின்ன எண். நந்தகோபனின் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி அவன் இதயத்துடிப்பைக் குறித்து வைத்திருந்தது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் துடிப்பு நூற்றைம்பதுக்கு ஏறியது. அதுவரை சரி. ஆனால் மவுத்பீஸை வாயிலிருந்து எடுப்பதற்குச் சற்று முன்பு அது மளமளவென்று இறங்க ஆரம்பித்து, எண்பதில் வந்து நின்றிருந்தது. பதறுகிறவனுக்கு இதயம் ஏறுமா, இறங்குமா? கருவிக் கோளாறு என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். கிளாடிஸும் சரி என்று தலையாட்டினாள். ஆனால் தலையாட்டியது தலை மட்டும்தான்.

பதினோராவது தடவை அவள் எண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

அவன் துப்பவில்லை. பிய்த்து எறியவும் இல்லை. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்த்து மவுத்பீஸைப் பிடித்து, நிதானமாக எடுத்து, நெஞ்சுக்கு நேரே கொண்டுபோய் வைத்துக்கொண்டான். அப்புறம் அசையாமல் இருந்தான். எதற்கோ காத்திருப்பவன் மாதிரி இருந்தான்.

இதே கையசைவை நேற்று மதியம் அவள் பார்த்திருந்தாள். கேன்டீனில் பரிமாறுகிற அம்மா இன்னொரு கரண்டி சாம்பாரோடு வந்தபோது, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த சிவசைலம் வாயருகே மூன்று விரலைக் கொண்டுபோய் நெஞ்சுக்கு இறக்கிக் காட்டினார். போதும் என்று அர்த்தம். மேசையே சிரித்தது. கிளாடிஸும் சிரித்தாள். கூடத்தில் எல்லாருக்கும் அந்தச் சைகை பழக்கம். கூட்டம் நீண்டால் செய்வார்கள், மேலாளர் பேச ஆரம்பித்தால் முதுகுக்குப் பின்னால் செய்வார்கள். முதல் நாள் முதல் பாடமே அதுதான். "பயம் வந்தா என்ன செய்யணும்?" என்று கிளாடிஸ் கேட்க, வகுப்பு முழுக்கச் சேர்ந்து அதைச் செய்து காட்டும்.

பதிவேட்டைத் திறந்தாள். மூன்று நாள் பயிற்சியில் நந்தகோபன் நாற்காலியிலிருந்து சைகை காட்டி வெளியேறியது பதினேழு தடவை. சிவசைலம் இருபத்துமூன்று தடவை. அவர் மனைவி வடிவின் பெயருக்கு எதிரே பூஜ்யம் என்று போட்டு, சிவப்பில் ஒரு குறிப்பு இருந்தது: 'வெளியேறும் பயிற்சியில் தேர்ச்சி இல்லை. எப்போதும் இடது கையால் வாயைப் பிடித்துக்கொள்கிறார். கெட்ட பழக்கம். திருத்த வேண்டும்.'

அந்த இருவரும் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று அவர்களுக்கு முதல் கடல். எட்டு மணிக்கே பயிற்சியாளன் செல்வின் கூட்டிப் போயிருந்தான்.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள். படகிலிருந்த டிரைவர் உற்சாகமாகப் பேசினார்.

"இப்பதான் மேடம், எறங்கிப் பத்து நிமிசம் இருக்கும். மூணு பேரும் குருசுப் பார்ல நிக்காங்க. தண்ணி நல்லா தெளிவா இருக்கு. என்ன விசயம், மேல கூப்புடணுமா? ஏணியில ஸ்பேனரால தட்டுனா செல்வினுக்குக் கேக்கும்."

செல்வினுக்குக் கேட்கும். சிவசைலத்துக்கும் கேட்கும். எட்டு பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்தில் எங்கிருந்தோ டங் டங் என்று வருகிற சத்தம் என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியாது. பயந்தால் கை வாய்க்குப் போகும். நாற்காலியில் அந்தச் சத்தத்தை அவள் வைக்கவே இல்லை.

"தட்டாதீங்க," என்றாள். "ஒண்ணும் செய்யாதீங்க. நா வாறேன்."

அது சரியா தப்பா என்று தெரியவில்லை. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

*

தொம்மை அண்ணனின் ஃபைபர் படகு கரையை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பதே முக்கால். குருசுப் பார் என்பது கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு, பன்னிரண்டு நிமிட ஓட்டம். கிளாடிஸ் படகிலேயே உடுப்பை மாட்டினாள். ஜிப் ஏறவில்லை.

"எதுக்கு இப்டிப் பறக்கிய?" என்றார் தொம்மை. "அங்க என்ன, சுறா கிறா வந்துட்டா?"

"சுறா வந்தாத் தேவல அண்ணே. வேகமா விடுங்க."

"விட்டுட்டுத்தான இருக்கேன். இதுக்கு மேல விட்டா எஞ்சின் மட்டும்தான் போய்ச் சேரும். விசயத்தச் சொல்லும்மா."

"நாற்காலியில பயம் வந்தா என்ன செய்யச் சொல்லுவோம், தெரியுமா?"

நாற்காலிப் பக்கமே போகாத தொம்மை, ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தச் சைகையைச் செய்து காட்டினார். "இதான? ஊருக்கே தெரியுமே. கோயில்ல சாமியார் பிரசங்கம் நீண்டா எம் பொண்டாட்டி இதத்தான் செய்யுதா." சிரித்துக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அதச் செஞ்சா என்ன ஆகும்னு கேளுங்க," என்றாள் கிளாடிஸ்.

"என்ன ஆகும்?"

"கடல் மறைஞ்சிரும். ஏசி ரூம்ல கண்ணு முழிப்பாங்க. பக்கத்துல நா தண்ணி டம்ளரோட நிப்பேன். நல்லாச் செஞ்சீங்க, பயப்படாதீங்கன்னு தோளத் தட்டுவேன். பொய்க் கடல்தான், ஆனா ஒடம்புக்கு அது பொய்னு தெரியாது. குளுரு தெரியும், காது அடைக்கும், மூக்குல உப்புத் தண்ணி ஏறும். நாப்பத்திரண்டு வகையான ஆபத்து வச்சிருக்கோம். ஒவ்வொண்ணுலயும் முடியாமப் போனா மவுத்பீஸ எடுப்பாங்க, முழிச்சிருவாங்க. மூணு நாளும் இதே வேல."

தொம்மை சைகை செய்த கையைச் சுக்கானுக்கு இறக்கினார்.

"கடல்ல எடுத்தா?" என்றார்.

கிளாடிஸ் ஜிப்போடு மல்லுக்கட்டினாள்.

"அந்தக் கரூர்ப் பையன்..."

"ஆமா."

"அது எப்படிம்மா, இத்தன பேரு படிச்சவுக இருந்தும்? வெளிய வரக் கதவு வைக்கணும்னா கையில ஒரு பித்தான வச்சிருக்கலாம்லா. சாமி, போயும் போயும் வாயிலயா வைப்பீங்க?"

"மொத வருசம் பித்தான்தான் இருந்துச்சு. பயந்து போனவுக ஒருத்தரும் பித்தானத் தேடல. எல்லாரும் வாயத்தான் பிச்சாங்க. ரெண்டு பேரு நாற்காலியிலயே மயங்கிட்டாங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. கை எங்க போகுதோ அங்கயே கதவ வச்சிருவோம்னு வச்சேன்."

"வச்சது நீதானா?"

"நாந்தான்."

அவள் நல்லது நினைத்துத்தான் செய்தாள். அவள் முக்குளிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாஸ்க்கை ஒரு தடவை கழற்றி மாட்டினால் போதும், கையில் அட்டையைக் கொடுத்து 'நீ தேறிட்டே' என்று கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு எட்டு பாகத்தில் காற்று நின்றால் என்ன செய்வது என்று உடம்புக்கு யார் சொல்வது? ஒரு தடவை சொன்னதை மூளை கேட்கும், உடம்பு கேட்காது. அதற்காகத்தான் ஆறு வருடம் தூக்கத்தைத் தொலைத்து நாற்காலியைச் செய்தாள். திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு கற்றுக்கொள்ளும் என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. உடம்பு கற்றுக்கொண்டது. எதைக் கற்றுக்கொண்டது என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"ஜெரோம் அப்பவே ஒரு நாள் கேட்டான், கைய வேற எங்கயாவது பழக்கக் கூடாதான்னு," என்றாள். "கடல்ல தெளிவாத்தான் இருப்பாங்க, வித்தியாசம் தெரியும்னு சொல்லி வாய அடைச்சிட்டேன்."

தொம்மை எழுந்து வந்து அவள் முதுகுப்பக்கம் ஜிப்பை இழுத்து ஏற்றிவிட்டு, மறுபடி சுக்கானுக்குப் போனார்.

*

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது கிளாடிஸ் தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டாள். அவசரம் காட்டாதே. சிரித்த முகமாகப் போ. சுற்றிப் பார்க்க வந்தவள் மாதிரி போ.

மூவரும் பாறையின் சரிவில் இருந்தார்கள். செல்வின் முன்னால், அவன் பின்னே சிவசைலம், கடைசியில் வடிவு. வடிவின் இடது கை வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்புவதைச் சிவசைலம் ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவர். கடலுக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது ஓய்வு பெற்ற மனிதரின் ஒரே ஆசை. மனிதரைத் தனியாக விட முடியாது என்று கூட வந்தவள் வடிவு.

கிளாடிஸ் சிரித்த முகமாகத்தான் போனாள். மாஸ்க்கும் மவுத்பீஸும் போட்ட முகத்தில் சிரிப்பு எங்கே தெரியும்? சிவசைலம் திரும்பினார். இங்கே வர வேண்டிய அவசியமே இல்லாத பெரிய மேடம் தலைக்கு மேலிருந்து இறங்கி வருவதைக் கண்டார். 'எல்லாரும் மேலே போகலாம்' என்று அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மேலே என்றால் ஏன் மேலே? அவர் கண்கள் மாஸ்க்குக்குள் அகலமாவது அவளுக்குத் தெரிந்தது. குமிழிகள் கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்தன. பயம் வந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தவள் அவளேதான்.

அவருடைய வலது கை உயர்ந்தது. மூன்று விரல் சேர்ந்தன.

கிளாடிஸ் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். இன்னொரு கையால் அவர் மவுத்பீஸை வாயோடு சேர்த்து அழுத்தினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறக்கப் போனவரைக் கதவோடு சேர்த்து அடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? திமிறினார். கம்பம் ஏறிய கை, சாதாரணக் கையல்ல. செல்வின் பின்பக்கமாக வந்து அவரை வளைத்துப் பிடித்த அதே நேரம், அவர் முழங்கை கிளாடிஸின் முகத்தில் இடித்தது. மாஸ்க் கழன்று போனது.

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கண்ணில் வெறும் பச்சை மங்கல். நெஞ்சு அடித்துக்கொண்டது. இது அவளுக்குப் புதிதில்லை. மாஸ்க் இல்லாமல் மேலே போவது எப்படி என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். மூக்கால் இழுக்காதே, வாயால் மூச்சு விடு, கயிற்றைத் தேடு.

அப்போதுதான் அந்த நிம்மதி வந்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தோள் தளர்ந்தது. நெஞ்சின் அடிப்பு தணிந்தது. சரி, இது போதும், முடித்துக்கொள்ளலாம் என்று உடம்பு முழுக்க ஒரு சம்மதம் பரவியது. நாற்காலியைச் சோதித்த ஆறு வருடத்தில் நாலாயிரம் தடவைக்கு மேல் இதே இடத்துக்கு வந்திருக்கிறாள். பச்சை மங்கல், மூக்கில் உப்பு, அப்புறம் மூன்று விரல். அவள் விரல்கள் மவுத்பீஸைப் பக்குவமாக எடுத்து நெஞ்சருகே வைத்துக்கொண்டன. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இதோ ஏசியின் சத்தம் கேட்கும். இதோ ரெக்சின் மெத்தையின் வாசம் வரும். எழுந்ததும் ஒரு காப்பி குடிக்க வேண்டும்.

ஏசி கேட்கவில்லை. ஏன் இன்னும் கேட்கவில்லை என்று அவள் லேசாக ஆச்சரியப்பட்டாள். மூச்சு இழுக்க வாய் திறந்தது.

யாரோ அவள் பல்லை இடித்துக்கொண்டு எதையோ வாய்க்குள் திணித்தார்கள். காற்று சீறிக்கொண்டு தொண்டைக்குள் பாய்ந்தது. இருமினாள். இருமியதில் தண்ணீர் போனது, காற்று வந்தது. அவள் கை மறுபடி வாய்க்கு உயர்ந்தபோது அந்த யாரோ புறங்கையில் ஒரு அடி வைத்தார்கள். சோற்றில் கை வைக்கிற பிள்ளையை அடிக்கிற அடி. அப்புறம் அந்த உள்ளங்கை அவள் வாயின்மேல் பசை போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டது, மேலே வெளிச்சம் வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.

*

படகில் வடிவு ஒரு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். பயமெல்லாம் பேச்சாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. முன்பல்லு நாலும் செட்டு. பஸ்ஸுல விழுந்து போனது. இந்த ரப்பரக் கடிச்சா செட்டு கழண்டு கடல்ல விழுந்துரும்லா, அதான் மொத நாள்ல இருந்து ஒரு கையால புடிச்சிக்கிட்டே இருக்கேன். நாற்காலியிலயும் அப்படித்தான். அந்தப் பிள்ளைங்க, கைய எடுங்கம்மா, கைய எடுங்கம்மான்னு சத்தம் போட்டுச்சுங்க. பல்லு போச்சுன்னா நீயா தருவேன்னு நெனச்சிக்கிட்டு எடுக்கவே இல்ல. கீழ பாத்தா நீங்க கழட்டி வச்சிட்டுச் சும்மா நிக்கிய. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இது வாயில இருக்கணும், அம்புட்டுதான். வச்சுப் புடிச்சிக்கிட்டேன்."

"நாற்காலியில ஒரு தடவகூட வெளிய வரலயே நீங்க," என்றாள் கிளாடிஸ். குரல் கரகரத்தது. "பயமா இல்லயா?"

"பயமில்லாம? உயிரே போச்சு. முடியுற வரைக்கும் கண்ண இறுக்க மூடிக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "அதுல பெயிலுன்னு போட்டிருக்காமே. அப்ப எனக்கு அட்டை கிடையாதோ?"

யாரும் சிரிக்கவில்லை. செல்வின் மட்டும் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டான்.

சிவசைலம் ஒரு மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிக்கோங்கம்மா," என்றார். "உங்கள இடிச்சிட்டேன். பதறிட்டேன்."

"இல்ல சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாய்க்குக் கை போகும்போது பதறுனீங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.

"இல்லையே. ஒங்களப் பாத்ததும் பதட்டந்தான். ஆனா கை போச்சு பாருங்க, அப்ப..." சொல்ல வெட்கப்படுகிறவர் போலத் தலையைத் தடவினார். "அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்துட்ட மாதிரி."

கிளாடிஸ் தன் மணிக்கட்டைத் திருப்பினாள். கருவி அவளுடைய துடிப்பையும் குறித்து வைத்திருந்தது. நூற்று நாற்பத்தெட்டு வரை ஏறி, மளமளவென்று இறங்கி, எழுபத்தொன்பதில் நின்றிருந்தது. கருவிக் கோளாறு என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த எழுபத்தொன்பதுக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் அலுவலகத்தை வாக்கியில் பிடித்தாள். நாற்காலி அறையைப் பூட்டச் சொன்னாள். இதுவரை அட்டை வாங்கிய ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரையும் கூப்பிட்டு, யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று இன்றைக்கே சொல்லச் சொன்னாள்.

"என்ன காரணம்னு சொல்லட்டும் மேடம்?"

"கிளாடிஸ் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டான்னு சொல்லு."

"மேடம், அப்படிச் சொன்னா ஒங்க..."

"தெரியும். சொல்லு."

அப்புறம் தொம்மையிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள். எண் மனப்பாடம். இருபத்திரண்டு நாளாக அழுத்தாத எண். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் பின்னணியில் தொலைக்காட்சி ஓடியது.

"ஜெரோம், நாந்தான். வச்சிராத."

"சொல்லு."

"அறிக்கைய மாத்தி எழுதித் தாறேன். நீ திரும்பாம அவனையே பாத்துக்கிட்டு நின்னிருந்தாலும் ஒனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அவன் பதறல."

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"பதறலன்னா வேற என்ன?"

அவள் வலது கை தானாக உதட்டருகே வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். மூன்று விரலும் சேர்ந்திருந்தன. வடிவு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நா சொல்லிக்கொடுத்தத ஒழுங்காச் செஞ்சான் ஜெரோம்," என்றாள் கிளாடிஸ். "செஞ்சிட்டு, நா எழுப்புவேன்னு காத்துக்கிட்டு இருந்தான்."